மூலையில் கறுப்பு

அத்தியாயம் பதினொன்று

இரண்டு நாளாக, செத்துப்போன மனுஷன் ஒருத்தன் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பின்சீட்டில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். தான் செத்துப்போன சங்கதி அவனுக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது.

நடுவில் ஒரு வாரம் விட்டுப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருமுல்லைவாயில் எல்லம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் துலுக்கானம், ஏரி வறண்ட வருஷம் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். முந்தின வருஷம் கார்த்திகை மழையில், அந்தத் தீவில் மலேரியாக் காய்ச்சலில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த சமயம், அங்கிருந்து ஒரு கார்டு வந்தது. தபால் பையோடு நனைந்து எழுத்தெல்லாம் கரைந்து வெறும் ஊதாக் கறையாகப் போயிருந்தது. ஆனால் மூலையில் கறுப்பு இருந்தது. அது மட்டும் கரையவில்லை.

மூலையில் கறுப்புத் தடவிய கடுதாசி என்றால் சாவுச் சேதி. நம் பக்கத்தில் அது யாருக்குத் தெரியாது? அதை வீட்டுக்குள் எடுத்துப் போகக்கூடாது, வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். எல்லம்மா நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, வயிற்றில் அடித்துக்கொண்டு மழைத் தண்ணீரிலேயே விழுந்தாள். சிலோனில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு உயிர்தான், வேறு யாருக்காக வரும் அந்தச் சேதி?

தோட்டத்துக்கு எழுதிக் கேட்டார்கள், பதிலே இல்லை. பதினாறாம் நாள் ஏரிக்கரையில் கோரைப்புல்லில் உருவம் செய்து கொளுத்தினார்கள். இளையவன் நாகேந்திரன் மீசையை மழித்துக்கொண்டு காரியம் பண்ணினான். மருமகள் தாட்சாயிணியின் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். வருஷத் தெவசமும் ஆனது.

அப்புறம்தான் கொழும்பில் கடை வைத்திருக்கும் பூந்தமல்லி உலகநாதன் ஊருக்கு வந்து, நாகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாப்பா, உங்க அண்ணன் அங்க சோக்கா கார் ஓட்டிக்கினு கீறான், நீ தெவசம் குடுத்துக்கினு கீறே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அம்மாவிடம் ராமேசுவரத்தில் அண்ணனுக்குப் பிண்டம் போட்டுவிட்டு வருகிறோம் என்று புளுகிவிட்டு, நாகேந்திரனும் தாட்சாயிணியும் போட் மெயில் ரயிலில் ஏறினார்கள். கண்ணால் பார்த்த பிறகு அம்மாவுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது நாகேந்திரனுடைய யோசனை. தனுஷ்கோடியில் கப்பல் ஏறுமுன் அவன் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வாங்கிக்கொண்டு வந்தான். "கட்டிக்க அண்ணி. அண்ணன் முன்னால போயி எப்படி நிப்பே?" என்றான். கட்ட ஆள் யார் இருக்கிறார்கள்? அவளே கட்டிக்கொண்டாள். முடிச்சைப் போட்டுவிட்டு, வளையல் டஜன் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள்.

விஷயம் இவ்வளவுதான். துலுக்கானம் வேலையை விட்டுவிட்டு இவர்களோடேயே ஊருக்கு வரப்போகிறான். அதற்கு முன்னால், முதலாளியிடம் நாலு நாளைக்குப் பழைய மாரிஸ் வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பெண்டாட்டிக்குத் தீவைச் சுற்றிக் காட்டுகிறான். அவன் ஊருக்குள் கால் வைக்குமுன் யாராவது அவனிடம் சொல்லியாக வேண்டும். சொல்லப்போவது யார்?

திங்கட்கிழமை பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெற்குக் கரையில் காலி என்கிற ஊரின் கோட்டையை விட்டுக் கிளம்பினார்கள்.

"தாட்சாயி! வலது பக்கம் பாரு! கடலு ரோட்டாண்ட வந்து குந்திக்கினு கீது பாரு!"

தாட்சாயிணி பார்த்தாள். நீலமாக இருந்தது. தென்னை மரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்திருந்தன. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொரட்டூர் ஏரி நிரம்பினால் ஓடிப்போய்ப் பார்த்த பெண்தான் அவள். இப்போது கண் பார்க்கிறது, உள்ளே ஒன்றும் போகமாட்டேன் என்கிறது.

"நல்லா கீது," என்றாள்.

"நல்லா கீதா? இதுக்கே இப்படின்னா அம்பாந்தோட்டைக்கு இன்னா சொல்வே? உப்பு வெளைஞ்சு மலை மாதிரி குமிச்சு வெச்சிருக்கான். வெயில்ல பாத்தா கண்ணு கூசும்."

துலுக்கானத்துக்கு வாய் ஓயாது. துரைமாரை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி, எந்த வளைவில் எதைக் காட்ட வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். இங்கே தேங்காய் மட்டை ஊறுகிற குட்டை, மூக்கைப் பொத்திக்கொள். இங்கே ஆமை வந்து முட்டையிடும். அதோ பார் உடும்பு, நம்ம ஊர் உடும்பைப் போல மூன்று பங்கு. வண்டியைப் பத்து மைல் வேகத்துக்கு மேல் விடுவதில்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "போப்பா, போ, நீ போயி வாரிக்கோ," என்று கையைக் காட்டி ஓரம் ஒதுங்குகிறான்.

முன்சீட்டில் நாகேந்திரன். இரண்டு நாளில் அவனுக்கு இந்த ஊர்வலம் பிடித்துப்போய்விட்டது. செவ்விளநீர் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தச் சொல்லிக் குடிக்கிறான். இவர்கள் வருகிற சேதியை மட்டும் உலகநாதன் மூலம் கேட்டுக் கொழும்பு ஸ்டேஷனுக்கு வந்திருந்த அண்ணன், அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடா மீசை, எலி கடிச்ச மாதிரி?" என்பதுதான். தெவசத்துக்கு மழித்தது இன்னும் சரியாக வளரவில்லை. "திருத்தணிக்கு வேண்டுதல்ணே," என்றான் இவன், கண் இமைக்காமல். பெண்டாட்டி கழுத்தில் பொன் தாலி இல்லையே என்று கேட்டபோதும், "தாலிப் பொட்டு அறுந்துபோச்சு, ஆசாரிகிட்ட கீது," என்று அவனேதான் சொன்னான். புளுகுவதில் மகா கெட்டிக்காரன். உண்மையைச் சொல்லத்தான் அவனுக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி தாட்சாயிணியிடம் வந்து, "நீ சொல்லேன் அண்ணி," என்கிறான். அவள் சொல்கிறேன் என்கிறாள். விடிந்ததும் சொல்வதில்லை.

பயமா? அதுவும் இல்லை. வாயைத் திறக்க ஒரு காரணம் வேண்டும் இல்லையா, அந்தக் காரணம் அவளுக்குள் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டுவிட்டது.

வெலிகாமத்தில் வண்டியை நிறுத்தினான். கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், கடலுக்குள்ளே, குடுமி வைத்த தலை மாதிரி ஒரு குட்டித் தீவு.

"முட்டி அளவுதான் தண்ணி. நடந்தே போலாம். வா!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனான். ஐந்து வருஷம் கழித்துப் பிடிக்கிற கை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ரேகையெல்லாம் கறுப்பாக, எண்ணெய் ஏறின கை. வண்டிக்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அலை வந்து புடவையை முட்டிவரை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

கரைக்குத் திரும்பி மணலில் நடந்தபோது துலுக்கானம் திடுக்கிட்டு நின்றான். "அய்ய! இன்னாது இது ரத்தம்?"

பின்னால் வந்த வழியெல்லாம் மணலில் சிவப்புப் பொட்டு பொட்டாக விழுந்திருந்தது. அவள் இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிப்பி வெட்டியிருந்தது.

"வலிக்கலியா உனக்கு?"

"தெரியல," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

அவன் குந்தி உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் காலில் கட்டினான். குனிந்த தலையில் இரண்டு நரை முடி இருந்தது. இந்தத் தலைக்காகத்தான் பதினாறு நாள் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வந்தது, போனது. நாகேந்திரன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு இல்லை.

மாத்தறை போய்ச் சேரும்போது பகல் இரண்டு மணி. வண்டி மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது.

"பேஜார் புடிச்ச வண்டி. ரேடியேட்டர்ல ஓட்டை," என்று சொல்லி, ஒரு பெரிய ஆலமரத்து நிழலில் நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டு என்னவோ முறுக்கினான். தண்ணீர் ஊற்றினான். அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆறட்டும். அதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டுட்றேன்," என்றான்.

நாகேந்திரன் இளநீரைக் கீழே வைத்தான். "கார்டா? இன்னாத்துக்குண்ணே? நாமதான் நேர்ல போறமே."

"நீ ஒருத்தன். அம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சா சந்தோசமா இருக்கும் இல்ல? நான் வரேன்னு தெரியாம ஊட்டப் பூட்டிக்கினு எங்கியாவது போய்டுச்சுன்னா?"

காலியில் வாங்கிய கார்டை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து ஈரம் பட்டால் மையாக எழுதும் கட்டைப் பென்சில் ஒன்றை எடுத்து முனையை நாக்கில் தொட்டான். வண்டியின் முன்சக்கரத்து மட்கார்டின் மேல் கார்டை வைத்து, பறந்துவிடாமல் இடது கட்டைவிரலால் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினான். நடுவில் மறுபடி நாக்கில் தொட்டான்.

நாக்கு ஊதாவாகிவிட்டது.

தாட்சாயிணி அந்த நாக்கைப் பார்த்தாள். அப்புறம் கார்டைப் பார்த்தாள். ஊதா எழுத்து. அவன் விரலை எடுத்தபோது, மூலையில் கறுப்பு.

அன்றைக்குத் திருமுல்லைவாயில் வீட்டு வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது. தபால்காரர் தள்ளி நின்று, ஒரு கையால் குடையையும் இன்னொரு கையால் கார்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். சிலோன் தபால் என்றார். ஊதாக் கறை, மூலையில் கறுப்பு. அத்தை கிழித்துப் போட்ட நாலு துண்டில் ஒரு துண்டு அவள் காலடி வரைக்கும் தண்ணீரில் மிதந்து வந்தது. அந்தத் துண்டில்தான் மூலை இருந்தது. அந்தக் கறுப்பு விளிம்பில் கோடு கோடாகத் தெரிந்ததே, அது விரல் ரேகையா? அப்போது யாருக்குப் பார்க்கத் தோன்றியது?

துலுக்கானம் கார்டை ஆட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போனான். எதிரே சிவப்புத் தபால் பெட்டி. "மாமா" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், திரும்பிவிடுவான். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவன் கார்டைப் போட்டுவிட்டு, பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே குழாயடிப் பக்கம் வாளியோடு போனான்.

நாகேந்திரன் கிசுகிசுத்தான். "போவட்டும் அண்ணி. அம்மா யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லும். அப்படித் தெரிஞ்சாலும் தெரியட்டுமே. நமக்குச் சொல்ற வேலை மிச்சம்."

"படிக்கவா?" என்றாள் தாட்சாயிணி. "நீ மூலையப் பாத்தியா?"

"மூலைல இன்னா?"

"கறுப்பு. அவரு வெரலு. போன தரமும் அதேதான் நாகேந்திரா. சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரே எழுதின கார்டு. அவரு கையி."

நாகேந்திரனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவன் கொளுத்திய உருவம், மழித்த மீசை, எள்ளும் தண்ணீரும், எல்லாம் ஒரு கட்டைவிரலுக்காக. ஆனால் அதை நினைத்து மாய்ந்துபோக நேரம் கொடுக்காமல் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"அத்தை இந்தத் தபா மட்டும் படிக்கச் சொல்லுமா? எட்டி நின்னு மூலையத்தான் மொதல்ல பாக்கும். கிழிச்சுப் போட்டுடும். சிலோன்ல சாக அதுக்கு இனி யாரும் இல்ல, புள்ளைன்னு இப்ப நீ ஒருத்தன்தான். ராமேசுரத்துக் கடலுக்குப் போயிருக்கே. யாருக்குன்னு நெனச்சு அழும்?"

"எனக்குன்னு..." என்றான் அவன். "அம்மா தாங்காது அண்ணி. போன தரமே ஒரு மாசம் எழுந்திருக்கல."

"தந்தி அடிச்சா?"

"தந்தியா? நம்ம தெருவுல தந்திக்காரன் சைக்கிள் நின்னாலே ஒப்பாரி வெச்சுடுவாங்க. படிக்கிறதுக்குள்ள அம்மா போய்ச் சேந்துடும்."

அதுவும் சரிதான். நாகேந்திரன் ஓடிப்போய்த் தபால் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கையை உள்ளே விட்டுப் பார்த்தான், மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பெட்டியில் இருந்த தகட்டில் எண் மட்டும் அவனுக்குப் படிக்க வந்தது. நாலரை. நாலரை மணிக்கு வந்து எடுப்பார்கள். அண்ணனோடு தபால் ஆபீசுக்குப் போய்ப் பேசினால் ஒருவேளை கொடுப்பார்கள். கார்டு எழுதினவன் அண்ணன், சிங்களம் பேசத் தெரிந்தவனும் அண்ணன். அண்ணனிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது?

இவர்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே துலுக்கானம் தண்ணீரோடு வந்துவிட்டான். "ஏறுங்க ஏறுங்க. நாலு மைல்ல தேவேந்திரமுனை. தீவோட கடைசி. அதப் பாத்துட்டுத்தான் சோறு."

ஏறினார்கள். என்ன ஜன்மங்களோ என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது. ஆனால் மாசக் கணக்காக மரத்துப்போய்க் கிடக்கிறவளை அதட்டி என்ன பிரயோஜனம்?

தேவேந்திரமுனையில் வெள்ளை வெளேரென்று கலங்கரை விளக்கம் நின்றது. அதன் காலடியில் பாறை, பாறைக்குக் கீழே கொஞ்சம் மணல், அப்புறம் கடல்.

"இதுக்கு அப்பால தரையே கெடையாதாம்," என்றான் துலுக்கானம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடலையே அவன்தான் வெட்டினவன் மாதிரி நின்றான். "நேரா தெக்கால போனா பனிக்கட்டிதான்னு ஒரு தொரை சொன்னாரு. இன்னா தாட்சாயி, பேச்சே காணோம்? ஊட்டுக்குப் போனதும் நீதான் எல்லாருக்கும் சொல்லணும். நான் ஸ்டேஷன்ல எறங்கி ஏரிக்கரை மேலயே நடந்து வருவேன். அம்மா அங்கதான கீரை பறிச்சுக்கினு இருக்கும்? பின்னால போயி கண்ணப் பொத்தப்போறேன்."

ஏரிக்கரை. தாட்சாயிணி அவனையே பார்த்தாள். "மாமா," என்றாள். "நீ செத்துட்டே."

"ஆங்?"

"ஊர்ல நீ செத்துட்டே. போன வருஷம் கார்த்திகைல. கருமாதி ஆயிடுச்சு. தெவசமும் ஆயிடுச்சு."

அவன் சிரித்தான். தம்பியைப் பார்த்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கறுப்புக் கார்டு வந்ததிலிருந்து ஊரில் நடந்ததை எல்லாம் அவள் மறைக்காமல் சொன்னாள். அழவில்லை, தயங்கவில்லை, அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்கிற மாதிரியே சொன்னாள். அவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து கேட்டான்.

"உருவம் எதுல பண்ணாங்க?" என்று கேட்டான் கடைசியில்.

"கோரைப்புல்லுல."

"எந்த எடத்துல?"

"ஏரித் தண்ணி வழியற கலங்கலாண்ட," என்றான் நாகேந்திரன். "நான்தாண்ணே கொள்ளி வெச்சேன்."

"அதான் மீசையா? திருத்தணின்னியேடா."

நாகேந்திரன் குலுங்கிக் குலுங்கி அழுதான். துலுக்கானம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். செத்தவன் உட்கார்ந்துகொண்டு கொள்ளி வைத்தவனைத் தேற்றுகிறான். இந்த மாதிரிக் கூத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினான். பார்வை அவள் கழுத்தில் நின்றது. "அப்ப இத யாரு கட்டினது?"

"நானே கட்டிக்கினேன். தனுஷ்கோடில."

"நீ அழுதியா?" என்றான், மெதுவாக.

"அழுதேன். பதினாறு நாளு. அப்பால ஆறு மாசம். உலகநாதன் வந்து நீ உசுரோட கீறேன்னு சொன்னப்ப, சந்தோசத்துல அழுகை வரும்னு பாத்தேன். வரல. கொழும்பு ஸ்டேஷன்ல உன் மூஞ்சியப் பாத்தப்பவும் வரல. இப்பக்கூட வரல மாமா. உனக்குன்னு இருந்ததை எல்லாம் அப்பவே கொட்டித் தீத்துட்டேன். மிச்சம் இல்ல. எனக்கே பயமா கீது."

அவன் முகம் சிவந்தது. எழுந்து நின்றான். "எந்தப் படுபாவி போட்டான் அந்தக் கார்டு? எவன் எனக்குக் கறுப்பு தடவினவன்? சொல்லு, தேடிப் புடிச்சு..."

அவள் அவன் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள்.

"நீதான்."

"நானா?"

"ஊதாப் பென்சிலு. மழைல கரைஞ்சுபோச்சு. இந்தக் கறுப்பு கரையல. இன்னிக்கு நீ எழுதறப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

அவன் விரலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். குனிந்து ஈர மணலை அள்ளி, அந்த விரலைத் தேய்தேய் என்று தேய்த்தான். அலை வந்து முட்டியில் மோதியது, அவன் நிமிரவே இல்லை. தோல் சிவந்துபோன பிறகு மேலே ஏறி வந்தான். ரேகைக்குள் கறுப்பு அப்படியேதான் இருந்தது.

"அண்ணே, மணி..." என்று நாகேந்திரன் ஆரம்பித்தான்.

தாட்சாயிணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "அந்தக் கார்டுல இன்னா எழுதியிருந்தே?"

"எதுல?"

"மொத கார்டுல. நாங்க கிழிச்சுப் போட்டதுல."

துலுக்கானம் ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "தோட்டத்து வேலைய உட்டுட்டேன்னு எழுதினேன். காரு ஓட்டக் கத்துக்கினேன், லைசென்ஸ் வந்துடுச்சுன்னு. தம்பிய இட்டுக்கினு வான்னு தாட்சாயிகிட்டச் சொல்லு, கடலோரமாவே தீவைச் சுத்திக் காட்றேன்னு எழுதினேன். அம்பாந்தோட்டைல உப்பு மலை மாதிரி கீது, அத அவ பாக்கணும்னு. அதான். வேற இன்னா எழுதப்போறேன்? பதிலு வரும் பதிலு வரும்னு பாத்துக்கினே இருந்தேன். அப்பால எனக்கும் காச்சல் வந்து மூணு மாசம் கெடந்தேன். எழுந்தப்பறம் நீ கோவமா கீறே, வரமாட்டேன்னு நெனச்சு உட்டுட்டேன்."

தாட்சாயிணி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கடலையும், இந்தத் தென்னையையும், அந்த உப்பையும் வந்து பார் என்று கூப்பிட்ட கடுதாசிக்குத்தான் அவள் கழுத்தை வெறுமையாக்கினார்கள். அவளும் குனிந்து கொடுத்தாள்.

அலை ஒன்று மணலில் ஏறி வந்து அவள் காலை நனைத்தது, இடது பாதம் சுரீர் என்றது. வெலிகாமத்தில் வெட்டின காயம். உப்புத் தண்ணீர் இறங்கி நெருப்பாக எரிந்தது. காலையிலிருந்து இந்த வலி எங்கே இருந்தது? அவள் "அம்மா" என்று முனகி அந்தக் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"மணி நாலு அடிக்கப்போவுது அண்ணி!" நாகேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்குப் போட்ட கார்டு!"

மூன்றே வார்த்தையில் துலுக்கானத்துக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, அம்மா!" என்று தலையில் கை வைத்தான். அடுத்த நிமிஷம் இரண்டு எட்டு எடுத்து வைத்தவன், நின்று திரும்பினான்.

"தாட்சாயி. கார்டு கெடச்சா சரி. அப்பால? கருமாதி ஆனவன் வாசப்படி ஏறலாமா? நான் வரட்டுமா, இங்கியே இருக்கட்டுமா? நீ சொல்லு."

"தெரியல," என்றாள் அவள். "அத்தைய மொதல்ல காப்பாத்து. நீ வரதா வேணாமான்னு அப்பால சொல்றேன்."

மணலில் நொண்டிக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு அடிக்கும் காயம் எரிந்தது. வண்டியருகே போனபோது நாகேந்திரன் வழக்கம்போல முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.

"நீ பின்னால குந்து," என்று அவனை இழுத்துவிட்டு, அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

துலுக்கானம் ஒரு கணம் அவளைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று மூன்று பேரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பழக்க தோஷம், ரோட்டுக்கு வந்ததும் அவன் கை தானாகவே வண்டியை ஓரமாக, மெல்ல, கடல் தெரிகிற மாதிரி விட்டது.

"மாமா," என்றாள் தாட்சாயிணி, கடலைப் பார்க்காமல். "வேகமா ஓட்டு."

இந்த இரண்டு நாளில் வண்டிக்குள் உட்கார்ந்து அவளாக அவனிடம் கேட்டது இது ஒன்றுதான்.